எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சி இருக்கிறது என்கிறார்கள், எதை நம்புவது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. சர்க்கரைக்கு 9 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். தைராய்டுக்கு லெவோதைராக்சின், தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை. அப்பா காலமான பிறகு அசைவத்தை அடியோடு விட்டுவிட்டார். இது போதாதென்று, நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருக்கும் அத்தை மகன் கொடுக்கும் மஞ்சள் கேப்ஸ்யூல், அஸ்வகந்தா, முடி கொட்டுவதற்கு பயோட்டின், கால்சியம். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் அனுப்பும் மல்டிவைட்டமின், ஒமேகா 3. போன வருடம் டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி பொடியையும் வாராவாரம் இன்னும் பாலில் கலந்து குடிக்கிறார். மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆனாலும் பாதம் எரிகிறது, இரவில் மரத்துப்போகிறது என்கிறார். தைராய்டு ரிசல்ட்டும் ஒரு தடவை கூடுதல், ஒரு தடவை குறைவு என்று மாறி மாறி வருகிறது. எதையாவது நிறுத்தச் சொன்னால், "எல்லாத்துக்கும் ஆராய்ச்சி இருக்கு" என்று அத்தை மகன் ஏதேதோ பேப்பர்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவற்றில் ஆறையும் பாட்டில்களின் படங்களையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கும் என் தங்கைக்கும் ஒரு மூலிகைப் பவுடர் கொடுத்திருக்கிறார். நாங்கள் எதை நம்புவது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது அந்தப் பாட்டில்கள் இல்லை, அம்மாவின் பாத எரிச்சல்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களில் ஒரு பகுதியினருக்கு உடம்பில் வைட்டமின் பி12 குறைந்துபோகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை அது கெடுக்கிறது. கேஸ் மாத்திரை இன்னொரு பக்கம் வேலை செய்கிறது. உணவில் ஒட்டியிருக்கும் பி12 பிரிந்து வருவதற்கு வயிற்று அமிலம் வேண்டும், அந்த அமிலத்தைத்தான் அது குறைக்கிறது. மூன்றாவதாக, மீன், முட்டை, கறி எல்லாவற்றையும் அம்மா விட்டுவிட்டார். செடிகொடிகளில் பி12 கிடையாது. பால், தயிரில் இருக்கிறது, ஆனால் ஒரு டம்ளர் காபிப் பாலும் கொஞ்சம் மோரும் இந்த நிலையில் போதுமா என்பது சந்தேகம்தான். ஆக பி12 குறைவதற்கான மூன்று காரணங்களும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன. ஏழு விதமான பொருளை வாங்கிக் கொடுத்த வீட்டில், அநேகமாகத் தேவைப்படும் அந்த ஒன்றை யாரும் அளந்துகூடப் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பி12 குறைந்தால் நரம்பு பாதிக்கப்படும். கால் எரியும், மரத்துப்போகும், நடையில் தள்ளாட்டம் வரும், சிலருக்கு ஞாபக மறதியும் வரும். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். அதனால் "சுகர் இருந்தா கால் எரியத்தான் செய்யும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், சில சமயம் டாக்டரும் விட்டுவிடுவார். மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு இந்த அறிகுறிகள் இருந்தால் பி12 பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. தாமதிக்கக் கூடாது. நாள்பட்ட நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமலே போகலாம். மல்டிவைட்டமினில்தான் பி12 இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த அளவு ஆரோக்கியமானவரின் அன்றாடத் தேவைக்கானது. உறிஞ்சுவதிலேயே கோளாறு இருப்பவருக்கு 1,000 மைக்ரோகிராம் மாத்திரையோ ஊசியோ தேவைப்படலாம். வழக்கமான வழி அடைபட்டாலும், அவ்வளவு பெரிய அளவு கொடுத்தால் சுமார் 1 சதவீதம் தானாகவே ரத்தத்தில் சேர்ந்துவிடும், அதுவே போதுமானதாக இருக்கும்.

இனி அத்தை மகன் அனுப்பும் பேப்பர்களுக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. ஆராய்ச்சி இருக்கிறது, மஞ்சளுக்கு மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியது, அந்த ஆராய்ச்சி யாரிடம் நடந்தது, அவர்களுக்கு அந்தச் சத்து ஏற்கெனவே குறைவாக இருந்ததா என்பதை. ஒரே சத்தை வைத்து நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளைச் சொல்கிறேன்.

முதலாவது நம் ஊரில் நடந்தது. திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் 15,419 குழந்தைகளுக்கு, ஒரு வருடம் வாராவாரம் ஒரு சிறிய டோஸ் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கிடைத்ததில் வைட்டமின் ஏ இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்திய இந்த ஆய்வு 1990-ல் வெளியானது. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவாக இருந்தது. பலன் அதிகம் தெரிந்தது மூன்று வயதுக்குக் கீழே இருந்தவர்களிடமும், சாப்பாடு போதாமல் வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடமும்.

இரண்டாவது பின்லாந்தில். நம் உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டினை, 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைபிடிக்கும் ஆண்களிடம் சோதித்தார்கள். மொத்தம் 29,133 பேர், ஐந்திலிருந்து எட்டு வருடம். கேரட், கீரை நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று அதற்கு முன் பல ஆய்வுகள் சொல்லியிருந்ததால் மாத்திரையும் காப்பாற்றும் என்று நம்பினார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம், மொத்த இறப்பும் 8 சதவீதம் அதிகம். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் இதேபோன்ற இன்னோர் ஆய்வில் 28 சதவீதம் அதிகம் என்று தெரிந்ததும், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள்.

சத்து ஒன்றுதான். இல்லாத குழந்தைக்கு அது உயிர் கொடுத்தது. குறை இல்லாதவருக்கு, அதுவும் புகையால் கெட்டுப்போன நுரையீரல் உள்ளவருக்கு, மாத்திரையாகப் பெரிய அளவில் கொடுத்தபோது கெடுதல் செய்தது. எனவே அடுத்த முறை ஒரு பேப்பர் வந்தால், "இது என் அம்மா மாதிரி ஒருவரிடம் செய்த ஆய்வா?" என்று கேளுங்கள். நீங்கள் அனுப்பியிருந்த ஆறு பேப்பரில் மூன்று, ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தவை. இரண்டு எலிகளில். ஒன்று மனிதர்களிடம், ஆனால் மாத்திரை கொடுத்துப் பார்த்தது அல்ல, சாப்பிடுபவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டது. இந்தக் கடைசி வகை படித்தவர்களையும் ஏமாற்றிவிடும். வைட்டமின் ஈ வாங்கிச் சாப்பிடும் செவிலியர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1993-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. ஆனால் விரும்பி வைட்டமின் வாங்குபவர்கள் பொதுவாக நடைப்பயிற்சி செய்பவர்கள், புகை தொடாதவர்கள், கையில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள். 2000-ல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோய் ஆபத்துள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ, மறு பாதிக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது பலன் எதுவுமே இல்லை.

சரி, அம்மாவின் பாட்டில்கள்.

தைராய்டு ரிசல்ட் ஏன் ஆடுகிறது என்று குழம்பியிருந்தீர்கள். எனக்கு மூன்று காரணம் தெரிகிறது, மூன்றும் அந்தப் பாட்டில்களில்தான் இருக்கின்றன. முதலில் பயோட்டின். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம்தான், அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் பல லேப்களின் பரிசோதனை முறையே தடுமாறும். காரணம், அந்தக் கருவிகள் பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை வைத்துத்தான் அளக்கின்றன. விளைவு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் உண்மையைவிடக் குறைவாகவும் தைராய்டு ஹார்மோனான டி4 உண்மையைவிட அதிகமாகவும் காட்டும், மருந்து கூடிவிட்டது போலத் தோன்றும். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மாத்திரை அளவைக் குறைத்தால், சரியாக இருந்த சிகிச்சை கெட்டுப்போகும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோப்போனின் பரிசோதனையையும் பயோட்டின் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்திருக்கிறது. சர்க்கரை உள்ள ஒருவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். முடி கொட்டுவதற்கு பயோட்டின் குறைபாடு காரணமாக இருப்பது மிக அரிது. தைராய்டு சரியில்லாமல் இருப்பதும் இரும்புச்சத்துக் குறைவும்தான் பொதுவான காரணங்கள். பயோட்டினை நிறுத்திவிடலாம். நிறுத்தி மூன்று நாளாவது கழித்து ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கால்சியம். அதைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், மாத்திரை உடம்பில் சேராது. தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும், காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். கால்சியம், இரும்புச்சத்து, மல்டிவைட்டமின் எதுவானாலும் நான்கு மணி நேரம் கழித்துத்தான். மதியச் சாப்பாட்டோடு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

மூன்றாவது அஸ்வகந்தா, நம் அமுக்கராக் கிழங்கு. மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் கொஞ்சம் உதவுகிறது என்று மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் உண்டு. பெரும்பாலும் சிறியவை, இரண்டு மூன்று மாதத்துக்குள் முடிந்தவை. வருடக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவை சொல்லவில்லை. தைராய்டு ஹார்மோனை இது கூட்டலாம், அதனால் லெவோதைராக்சின் சாப்பிடுபவர் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-ல் இதைத் தடையே செய்துவிட்டது.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊரே மஞ்சள் மண்டி ஊர். "மஞ்சள்தானே, என்ன செய்யும்?" என்று அம்மா கேட்பது நியாயம். குழம்பில் போடும் மஞ்சள் எதுவும் செய்யாது. ஆனால் கேப்ஸ்யூலில் இருப்பது அந்த மஞ்சள் அல்ல. மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின், மஞ்சள் தூளில் சுமார் 3 சதவீதம்தான். பாட்டில் லேபிளில் 500 மில்லிகிராம், அதில் 95 சதவீதம் குர்குமின் வகைகள் என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு கேப்ஸ்யூல் கிட்டத்தட்ட 15 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம், அதாவது டீஸ்பூனில் ஐந்து. அம்மா போடுவது நாளைக்கு இரண்டு. பத்து டீஸ்பூன் மஞ்சளை எந்த வீட்டிலும் ஒரு ஆள் ஒரு நாளில் சாப்பிட மாட்டார். அதோடு மிளகின் பிப்பரினும் சேர்த்திருக்கிறார்கள். குர்குமின் தனியாகக் கொடுத்தால் ரத்தத்தில் சேருவதே அரிது, பிப்பரினோடு கொடுத்தால் 20 மடங்கு சேர்கிறது என்று 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டியது. கம்பெனிகள் எல்லாம் விளம்பரத்தில் மேற்கோள் காட்டுவது இதைத்தான். மருந்துகளை உடைத்து வெளியேற்றும் கல்லீரலின் வேலையையும் பிப்பரின் மட்டுப்படுத்துகிறது என்பதை விளம்பரம் சொல்வதில்லை. இப்படிப்பட்ட அடர்த்தியான மஞ்சள் தயாரிப்புகளால் மஞ்சள் காமாலை வந்தவர்கள் இத்தாலியில் 2019-ல் ஒரு கூட்டமாகவே பதிவானார்கள். அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள், அவர்களில் பலரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. எல்லோருக்கும் வராது, அபூர்வம்தான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிடைக்கும் பலன் என்று பார்த்தால் மூட்டு வலியில் ஓரளவு ஆறுதல். அம்மாவுக்கு மூட்டு வலி இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. நிறுத்தலாம் என்றே சொல்வேன். பசியின்மை, அரிப்பு, சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது இதில் எது இருந்தாலும் உடனே கல்லீரல் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வைட்டமின் டி பொடியில் அவசரம் காட்ட வேண்டும். ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். குறைபாடு இருந்தால் வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம், அப்புறம் அளவைக் குறைப்பது என்பதே வழக்கம். டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துப் பாருங்கள், அதில் எத்தனை வாரம் என்று இருக்கும். வாரம் 60,000 என்பது நாளைக்கு எட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். தானாகச் சாப்பிடுபவர்களுக்கு நாளைக்கு 4,000-ஐத் தாண்டக் கூடாது. தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் போல மிச்சம் சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும், கூடவே கால்சியம் மாத்திரையும் ஓடுகிறது. ஓயாத தாகம், மலச்சிக்கல், குமட்டல், குழப்பம், சிறுநீரகக் கல் எல்லாம் வரலாம். ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு பலப்படும் என்று எதிர்பார்த்தால், கீழே விழுவதும் எலும்பு முறிவும் கூடியது. பொடியை நிறுத்திவிட்டு, ரத்தத்தில் டி அளவும் கால்சியமும் பாருங்கள்.

ஒமேகா 3 பற்றி ஒரே ஒரு விஷயம். அது மீன் எண்ணெய் என்று அம்மாவுக்குத் தெரியுமா? கேப்ஸ்யூலின் ஜெலட்டின் உறையும் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. இங்கே விற்கும் பாக்கெட்டில் பச்சை, பழுப்புக் குறி இருக்கும், அங்கிருந்து வரும் பாட்டிலில் இருக்காது. ஒரு வைராக்கியத்தோடு அசைவத்தை விட்டவருக்கு அதைச் சொல்லாமல் கொடுப்பது சரியில்லை. 25,871 பேரிடம் ஐந்து வருடம் நடந்த அமெரிக்க ஆய்விலும் தினம் 1 கிராம் ஒமேகா 3 மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை மொத்தத்தில் குறைக்கவில்லை. அதனால் விட்டுவிடுவதில் நஷ்டம் இல்லை. மல்டிவைட்டமினால் பெரிய லாபமும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. அண்ணன் மனம் நோகும் என்றால் அது இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதில் பயோட்டின் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இங்கிலீஷ் மருத்துவம் படித்தவர் மூலிகையைக் குறை சொல்கிறார் என்று உங்கள் அத்தை மகன் நினைக்கக்கூடும். அம்மா சாப்பிடும் மெட்ஃபார்மினின் வேரே ஒரு மூலிகையில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துவந்த கலேகா என்ற செடியில் இருந்த பொருளைப் பின்தொடர்ந்துதான் அதை உருவாக்கினார்கள். சர்ப்பகந்தி ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வாக்கில் நோயாளிகளிடம் பார்த்து எழுதியது உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மூலிகை வேலை செய்யும். வேலை செய்கிறது என்றால் அதற்கு அளவும், பக்க விளைவும், பிற மருந்தோடு மோதலும் உண்டு. கொரோனா சமயத்தில் நோய் எதிர்ப்புக்கென்று சீந்தில் கொடியைத் தினமும் குடித்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. ஆனால் பிறகு நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்தும் இதேபோன்ற நோயாளிகள் பதிவானார்கள். சித்த மருத்துவம் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில், பதிவு பெற்ற மருத்துவரிடம், நாடி பிடித்துப் பார்த்து எழுதும் மருந்தை வாங்குங்கள். சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் அவரிடம் காட்டுங்கள்.

அத்தை மகனிடம் சண்டை போட வேண்டாம். அவர் விற்கும் பாட்டிலையே அவர் கையில் கொடுத்து, லேபிளில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணோடு, இது மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும், அப்படி அச்சிட வேண்டும் என்பது சட்டம். சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதற்கு 1954-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. கம்பெனி எழுத்தில் சொல்லத் துணியாததை, உறவுக்காரர் வாயால் சொல்ல வைக்கிறார்கள். அவரும் பணம் போட்டு மாட்டிக்கொண்டவராக இருக்கலாம், கொஞ்சம் பக்குவமாகப் பேசுங்கள்.

தங்கைக்கு அந்தப் பவுடர் வேண்டாம், இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே என்னென்ன மூலிகை என்று தெரியாத எதையும் கர்ப்பத்துக்கு முயலும்போது எடுக்கக் கூடாது. அமுக்கரா கர்ப்ப காலத்துக்கு ஆகாது, வைட்டமின் ஏ அதிக அளவில் குழந்தைக்குப் பிறவிக் குறை உண்டாக்கும். அவளுக்கு வேண்டியது ஃபோலிக் ஆசிட், கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் சின்ன மாத்திரை. முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு இருந்த தாய்மார்களிடம் பிரிட்டன் தலைமையில் நடந்த ஆய்வு 1991-ல் வந்தது. அடுத்த குழந்தைக்கு அந்தக் குறை வருவதை ஃபோலிக் ஆசிட் 72 சதவீதம் தடுத்தது. அடுத்த வருடமே ஹங்கேரி ஆய்வு, முதல் குழந்தைக்கும் அது பொருந்தும் என்று காட்டியது. முதுகுத்தண்டு உருவாவது கருத்தரித்த நான்கு வாரத்துக்குள், பலருக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கும் முன்னால். அதனால் முயற்சி தொடங்கும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே, தினம் 400 மைக்ரோகிராம் வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் வரை தொடர வேண்டும். தங்கைக்குச் சர்க்கரையோ வலிப்பு மாத்திரையோ இருந்தால் அளவு மாறும், மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அம்மாவுக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். பயோட்டின், மஞ்சள் கேப்ஸ்யூல், அஸ்வகந்தா, டி பொடி நான்கையும் நிறுத்துங்கள். கால்சியம் வேண்டுமா என்பதை ரிசல்ட் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும், அதுவரை அதையும் ஓரமாக வையுங்கள். மூன்று நாள் கழித்து பி12, ஹீமோகுளோபினோடு முழு ரத்த அணுக்கள், டிஎஸ்எச், வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை எடுங்கள். பி12 மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு தொடங்கினால் போதும், முன்பே போட்டால் உண்மையான அளவு தெரியாது. டாக்டரிடம் போகும்போது எல்லாப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயரைச் சொன்னால் மட்டும் அளவு தெரியாது. பாதத்தின் உணர்வையும் அவரிடம் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் தினமும் படுக்கும் முன் அம்மாவின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே ஒரு தடவை பாருங்கள். மரத்துப்போன காலில் முள் குத்தியிருந்தாலும் அவருக்குத் தெரியாது.

லெவோதைராக்சின் அளவை இப்போது கையில் இருக்கும் பழைய ரிசல்ட்டை வைத்து மாற்ற வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லி, பயோட்டின் விஷயத்தையும் தெரியப்படுத்துங்கள். புதிய ரிசல்ட் வந்த பிறகும் ஏதாவது புரியவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். பி12, கால்சியம் இரண்டின் அளவையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.